குளித்து வந்த நாய்கள்

எடை மெஷினில் தப்பில்லை. எழில்மொழி அதை இரண்டு முறை சோதித்துவிட்டாள். இருபத்தைந்து கிலோ பொன்னி அரிசிச் சிப்பம் ஒன்றைப் பிரிக்காமல் தூக்கி வைத்துப் பார்த்தாள். இருபத்தைந்து கிலோ நூறு கிராம் காட்டியது. அந்த நூறு, சாக்கின் எடை. மருந்திலும் தப்பில்லை, போன வாரம் வேறு பெட்டி பிரித்தாகிவிட்டது. சிரிஞ்சை மாற்றினாள். கடைசியில் மருந்தின் அளவையே பாதியாகக் குறைத்தாள். ஒன்றுக்கும் பலனில்லை.

திங்கட்கிழமை வருகிற நாய் ஊசி போட்ட பத்து நிமிடத்தில் தலையைத் தொங்கப் போடும். அறுவை முடிந்த ஒரு மணி நேரத்தில் எழுந்து வாலை ஆட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும். வியாழக்கிழமை நாய்க்கு அதே மருந்து, அதே கை. அது கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்கியதுபோல ஆழத்துக்குப் போய்விடுகிறது. இதயம் நிமிடத்துக்கு நாற்பது, முப்பத்தாறு என்று துடிக்கிறது. ஈறு வெளுத்துப்போகிறது. ஒன்று கண்ணைத் திறந்தபடியே சாயங்காலம் வரை கிடந்தது. போன வியாழன் ஒன்று எழுந்திருக்கவே இல்லை.

கிழமைக்கும் மயக்க மருந்துக்கும் என்ன சம்பந்தம்?

தஞ்சாவூர் வெண்ணாற்றங்கரைப் பக்கம் ஓர் அறக்கட்டளை நடத்தும் சின்னப் பிராணி மருத்துவமனை அது. மற்ற நாட்களில் நகரத்து நாய்கள் காரிலும் ஸ்கூட்டரிலும் வரும். வியாழன் மட்டும் இலவசக் கருத்தடை முகாம். பூங்குளத்தூரிலிருந்து வேனில் நாய்கள் வரும், ஒவ்வொன்றோடும் அதன் வீட்டுக்காரர் வருவார். எழில்மொழி இங்கே டாக்டராகச் சேர்ந்து மூன்று மாதமாகிறது.

மயக்கம் என்றால் ஒரே ஊசி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது மூன்று படி. முதலில் நாயை அமைதியாக்க ஓர் ஊசி; இங்கே அதற்கு சைலஸின். அடுத்தது விழிப்பிலிருந்து மயக்கத்துக்குள் இறக்கும் மருந்து; இங்கே கெட்டமின். இறங்கிய பிறகு, மூச்சுக்குழாயில் குழாய் விட்டு, வாயுவால் அந்த மயக்கத்தைப் பிடித்து வைத்திருப்பது மூன்றாவது. இதில் இரண்டாம் படிதான் ஆபத்தானது. அந்த ஒரு நிமிடத்தில் மூச்சு நிற்கலாம், ரத்த அழுத்தம் சரியலாம். அதைத் தாங்குகிற நிலையில்தான் முதல் ஊசி நாயை விட்டிருக்க வேண்டும். வியாழக்கிழமை நாய்கள் முதல் படியிலேயே இரண்டாம் படியின் ஆழத்துக்குப் போயிருந்தன.

புதன்கிழமை காலையில், மருத்துவமனையின் தலைவர் டாக்டர் ரகுராமன் அவளைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். போன வியாழன் செத்துப்போன செவலி என்ற நாயைப் பற்றிய அறிக்கை. டைப் அடித்து முடித்தாயிற்று. அவள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

‘அறுவைக்கு முன் உணவு கொடுக்கக் கூடாது என்ற அறிவுறுத்தலை உரிமையாளர் மீறியதால்’ என்று ஆரம்பித்தது. எழில்மொழி மேலே படிக்கவில்லை.

“இது யார் சொன்னது சார்?”

“வேற என்னவா இருக்கும்? இங்க பாருங்க எழில், இருபத்தெட்டு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். அந்தத் தெருக்காரங்க சொன்னா கேக்கற ஜனமில்ல. ‘ஐயோ பாவம் பசிக்குமே’ன்னு ரெண்டு உருண்டை சோத்தப் போட்டுட்டுதான் வண்டியில ஏத்துவாங்க.”

“எந்தத் தெரு சார்?”

ரகுராமன் மின்விசிறியைப் பார்த்தார். அவர் கெட்டிக்கார சர்ஜன். பூர்விக நிலத்தில் ஒரு பகுதியை விற்று இந்த அறுவை அறையைக் கட்டியவர். வியாழக்கிழமைகளில் ஒரு பைசா வாங்காமல் நிற்பவர். ஆனால் காலனித் தெரு என்ற சொல்லை மட்டும் வாயால் சொல்ல மாட்டார். எழில்மொழி வேறோர் ஊரின் அதே மாதிரி ஒரு தெருவில் பிறந்தவள் என்பது அவருக்கும் தெரியும்.

“சாப்பிட்ட நாய் வாந்தி எடுக்கும் சார். அது மூச்சுக்குழாயில போய் அடைக்கும். செவலி வாந்தி எடுக்கல. செத்தப்பறம் வயித்தத் தொறந்து பாத்தேன், காலி. மூச்சு நிக்கறதுக்கு முன்னாடியே இதயம் மெதுவாயிடுச்சு. சோறு தின்னா இதயம் எப்படி சார் மெதுவாகும்?”

“அப்ப நீங்க சொல்லுங்க, எதனால?”

பதில் இல்லாத இடத்தில் அந்தத் தாள் வந்து உட்கார்ந்துகொள்ளப் பார்க்கிறது.

“எதனாலன்னு தெரியலன்னு எழுதுங்க. அதுல கையெழுத்துப் போடறேன்.”

கதவு படீரென்று திறந்தது. செவலியின் சொந்தக்காரர் கண்ணுசாமி நின்றிருந்தார். கோடையில் அறுத்த வயல்களில் ஆட்டுக்கிடை போடுகிறவர். நாற்பது ஆட்டுக்கும் காவல் அந்த ஒரு நாய்தான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

“சோறு போட்டேனா? நானா?” என்றார். “முந்தின ராத்திரிலேருந்து அதுக்கு ஒண்ணும் குடுக்கல. அது என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்துச்சு. அத வச்சுக்கிட்டு எப்படித் திங்கறதுன்னு நானும் திங்கல. நீங்க என்னென்ன சொன்னீங்களோ அத்தனையும் செஞ்சேன் சார். ஒண்ணு விடாம செஞ்சேன்!”

“சரி சரி, கத்தாதப்பா.”

“நான் கத்துனாத்தான ஒங்களுக்குக் கேக்குது. மெதுவாச் சொன்னா டைப் அடிச்சில்ல வச்சிடுறீங்க?”

எழில்மொழி அவரை வெளியே அழைத்துக்கொண்டு போனாள். “தண்ணியாவது குடிக்கிறீங்களா அண்ணே?” என்று கேட்டாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “ஊசி போட்டது நீங்கதான டாக்டரம்மா?” என்றார். “ஒங்க கையால தண்ணி வேணாம்.”

மறுநாள் வியாழக்கிழமை. வேன் வந்து நின்றபோது வாசலில் கண்ணுசாமி நின்றிருந்தார். உள்ளே வரவில்லை. இறங்கிய ஒவ்வொருவரிடமும், “திருப்பிக் கூட்டிட்டுப் போயிடுங்க. இவங்க கொன்னுப்புட்டு, நம்ம மேலயே பழி போடுவாங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஏழு நாய்கள் வந்திருந்தன. இரண்டு பேர் நிஜமாகவே திரும்பி வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

எழில்மொழி அவரைத் தடுக்கவில்லை. அவர் இடத்தில் தானும் அதைத்தான் செய்திருப்பாள் என்று தோன்றியது.

உள்ளே முதலில் வந்தவள் அம்சம். நடவு வேலைக்குப் போகிறவள். அவளுடைய நாய் பொம்மி, பதினான்கு கிலோ, வெள்ளையில் கருப்புத் திட்டு. மேஜைமேல் தூக்கி வைத்ததும் அது கால் பரப்பிப் படுத்துக்கொண்டது.

“என்னக்கா, இவ்ளோ சாதுவா இருக்கு?”

“சாதுவா? தபால்காரரு எங்க வீட்டுப் பக்கமே வர்றதில்ல. ஒரு வாரமா ஒடம்புக்கு முடியல. தண்ணியாக் குடிக்குது, குடிச்சத எல்லாம் ஒண்ணுக்குப் போவுது. ஆனா நேத்து வரைக்கும் ஒறுமிக்கிட்டுதான் கெடந்துச்சு. இன்னிக்குக் காலையிலேருந்துதான் இப்படித் தூங்கி வழியுது.”

எழில்மொழி வாலைத் தூக்கிப் பார்த்தாள். சீழ் ஒழுகிக்கொண்டிருந்தது. காய்ச்சல் நூற்று நான்கு. ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்ததும் தெரிந்துவிட்டது: கர்ப்பப்பை முழுக்கச் சீழ் கட்டி, மணிக்கட்டுப் பருமனுக்குப் புடைத்திருந்தது. மற்ற நாய்களை அடுத்த வாரம் வாருங்கள் என்று அனுப்பலாம். இதை அனுப்ப முடியாது. அந்தப் பை உடைந்தால் பொம்மி நாளைக்கு இருக்காது.

ஆனால் மயக்கம் கொடுத்தால்?

அவள் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள். எண்ணினாள். மறுபடி எண்ணினாள். ஐம்பத்தாறு.

இது பொருந்தவே இல்லை. உடம்பில் சீழும் காய்ச்சலும் இருந்தால் இதயம் ஓடும். நூற்று நாற்பது, நூற்றைம்பது என்று அடிக்கும். ஓட வேண்டிய இதயம் நடந்துகொண்டிருந்தது. இன்னும் ஓர் ஊசிகூடப் போடவில்லை!

தண்ணீராகக் குடிக்கிறது என்றாளே என்று காது மடலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்தாள். இருநூற்று முப்பத்திரண்டு. நூற்றுக்குக் கொஞ்சம் மேலேகீழே இருக்க வேண்டியது.

மெதுவான இதயம், அதிகச் சர்க்கரை, தூக்கம். இந்த மூன்றும் சேர்ந்து வருவதை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள், சைலஸின் போட்ட பிறகு. சைலஸின் போட்டால் இப்படித்தான் ஆகும். போடாத நாய் எப்படிப் போட்ட நாயைப்போலக் கிடக்கிறது?

“ஹபீபக்கா, நீங்க ஏதாவது ஊசி போட்டீங்களா?”

உதவியாளர் ஹபீபுன்னிசாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “நான் ஏன் போடப் போறேன்? இருபது வருஷமா ஒங்கள மாதிரி எத்தன டாக்டரப் பாத்தாச்சு, சொல்லாம ஒரு பஞ்சக்கூட எடுத்து வச்சதில்ல.” நாயின் கழுத்தைப் பிடித்திருந்த அவர் மூக்கைச் சுளித்தார். “அதுசரி, இந்த வியாழக்கிழம நாய்ங்க மட்டும் ஏன் பீரோவத் தொறந்த மாதிரி நாறுதுங்க? அந்துருண்ட வாடை.”

எழில்மொழி குனிந்து பொம்மியின் முதுகை முகர்ந்தாள். மண்ணெண்ணெயும் அந்துருண்டையும் கலந்த மாதிரி ஒரு நெடி.

“அக்கா, இத எதுல குளிப்பாட்டுனீங்க?”

“நீங்க குடுத்த மருந்துலதான்.”

“நாங்களா?”

அம்சம் ஒயர் கூடைக்குள் கையை விட்டு ஒரு மடித்த நோட்டீஸையும் ஐம்பது மில்லி பாட்டில் ஒன்றையும் எடுத்து வைத்தாள். பாட்டில் காலியாக இருந்தது. “பேரு எழுதுனப்பவே குடுத்தாங்களே. ‘உண்ணி இல்லாமல், சுத்தமாகக் குளிப்பாட்டி அழைத்து வரவும்’னு இதுலயே போட்ருக்கு பாருங்க. ஆஸ்பத்திரிக்கு வர்றப்ப அழுக்கா வரலாமா? நேத்து சாயங்காலம் ஒரு தடவ, காலையில விடியறப்ப ஒரு தடவ. சின்ன வாளியில அஞ்சு லிட்டரு தண்ணி, பாதி பாட்டிலு.”

“எவ்ளோ ஊத்தணும்னு யாரும் சொல்லலியா?”

“நெல்லுக்கு அடிக்கிற மருந்துன்னா டேங்குக்கு இத்தன மூடின்னு கடக்காரரு சொல்லுவாரு. இதுக்கு யாரு சொன்னா? பாட்டில்ல இங்கிலீஷ்ல எழுதியிருக்கு.”

பாட்டிலின் மேல் ‘அமிட்ராஸ்’ என்றிருந்தது. சரியான அளவு லிட்டருக்கு இரண்டு மில்லி. ஐந்து லிட்டருக்குப் பத்து. இருபத்தைந்து ஊற்றியிருக்கிறாள், அதுவும் இரண்டு தடவை.

எழில்மொழி, சாப்பாடு கொடுத்தீர்களா என்று ஒவ்வொருவரிடமும் மூன்று முறை கேட்டிருக்கிறாள். கண்ணுசாமி நேற்று கதவருகே நின்று, ‘சொன்ன அத்தனையும் செஞ்சேன்’ என்று கத்தினார். அத்தனையும் என்றால் என்னென்ன என்று அவள் கேட்கவில்லை. அவளும் உள்ளுக்குள் எங்கோ அந்த இரண்டு உருண்டைச் சோற்றை நம்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

பாட்டிலை எடுத்துக்கொண்டு ரகுராமன் அறைக்குப் போனாள்.

“இத முகாமுக்குக் குடுக்கச் சொன்னது யார் சார்?”

“நான்தான். ஏன்? ஜூன்ல ஆபரேஷன் மேஜை மேலயே உண்ணி ஊர்ந்துச்சு. சுத்தம் வேண்டாமா?”

“எனக்கு ஏன் சொல்லல?”

“இது நிர்வாக விஷயம். இதையெல்லாம் உங்ககிட்ட...”

“சார், அமிட்ராஸ் நரம்புல எங்க போய் வேல செய்யுது?”

அவர் பாட்டிலை வாங்கி லேபிளைப் படித்தார். பிறகு அவர் முகம் மாறுவதை அவள் பார்த்தாள். தெரிந்த விஷயம்தான். இரண்டையும் யாரும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அது வேலை செய்யும் விதம் இப்படி: நரம்பின் நுனியில் ஒரு மதகு இருக்கிறது. அது திறந்தால் உடம்பை முடுக்கிவிடும் ரசாயனம் பாயும். இதயம் வேகமாகும், விழிப்பு இருக்கும். போதுமான அளவு பாய்ந்ததும் மதகை மூடச் சொல்லும் ஒரு திருகும் அங்கேயே இருக்கிறது. சைலஸின் அந்தத் திருகைத்தான் பிடித்து இறுக்குகிறது. அதனால்தான் நாய் அமைதியாகிறது. அமிட்ராஸும் அதே திருகைத்தான் இறுக்குகிறது. உண்ணியைக் கொல்லும் மருந்து, தோல் வழியே உள்ளே போய், நக்கும்போது வாய் வழியே போய், நாயின் மதகையும் முக்கால்வாசி மூடிவிடுகிறது. வாய்க்கால் தலைப்பில் ஒருவர் வந்து மதகை அடைத்துவிட்டுப் போன பிறகு, அது தெரியாமல் இன்னொருவர் வந்து மிச்சத்தையும் அடைத்தால் வயல் என்ன ஆகும்? பாதி அளவு ஊசிகூடத் தாங்காமல் போனது இதனால்தான். திங்கட்கிழமை நாய்கள் ஷாம்பூவில் குளித்து வந்தன. அதனால் பிழைத்தன.

“அக்கறையா குளிப்பாட்டுனவங்க நாய்தான் சார் விழுந்துச்சு. நாம சொன்னதக் கேட்டவங்க நாய். நீங்க அந்தத் தாள்ல, சொன்னதக் கேக்கலன்னு எழுதி வச்சிருக்கீங்க.”

ரகுராமன் கண்ணாடியைக் கழற்றினார். “குரலைத் தாழ்த்துங்க. வெளிய ஜனங்க இருக்காங்க.”

“ஜனங்க கேக்கட்டும்.”

அவர் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, “இன்னிக்கு முகாமை நிறுத்திடலாம்” என்றார்.

“மத்ததுங்களுக்கு நிறுத்துங்க. பொம்மிக்கு முடியாது. கர்ப்பப்பைல சீழ். நான் மயக்கம் குடுக்கறேன், நீங்க கைய கழுவிட்டு வாங்க.”

முதலில் நாயைச் சோப்புப் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவச் சொன்னாள். “மறுபடியுமா?” என்றாள் அம்சம். “மறுபடியும்தான்க்கா. இந்தத் தடவ மருந்த எடுக்கறதுக்கு.” ஹபீபுன்னிசா தேய்த்துக் கழுவித் துவட்டினார். எழில்மொழி அதன் காலில் நரம்பு ஊசி குத்திச் சலைன் ஏற்றினாள். நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் அதிலேயே போயிற்று. பிறகு தன் கோட்டுப் பையிலிருந்து யோஹிம்பைன் குப்பியை எடுத்தாள். சைலஸினை முறிக்கிற மாற்று மருந்து அது. அதே திருகிலிருந்து கையைப் பிடித்து விலக்கிவிடும். ஆகையால் அமிட்ராஸையும் விலக்கும். போன வியாழன் இது ரகுராமன் அறையில் பூட்டிய அலமாரிக்குள் இருந்தது. சாவி வருவதற்குள் செவலியின் மூச்சு நின்று நான்கு நிமிடம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை முதல் அதை அவள் தன் பையிலேயே வைத்திருக்கிறாள்.

மெதுவாகச் செலுத்தினாள். ஐம்பத்தாறு, எழுபது, தொண்ணூறு, நூற்றுப் பன்னிரண்டு. பொம்மி தலையைத் தூக்கி ஹபீபுன்னிசாவைப் பார்த்து உறுமியது.

“இப்பத்தான் தபால்காரருக்குத் தெரிஞ்ச நாயா இருக்கு” என்றார் ஹபீபுன்னிசா, கையை இழுத்துக்கொண்டு.

அடுத்தது அந்த ஆபத்தான நிமிடம். எதைக் கொண்டு இறக்குவது? சைலஸின் கிடையாது. வழக்கமான கெட்டமின்? அது இதயத்தை விரட்டும் என்று பேர். ஆனால் விரட்டுவது அதே மதகு வழியாகத்தான். மதகு இன்னும் முழுசாகத் திறக்காத உடம்பில் அந்த விரட்டலை நம்ப முடியாது. தவிரவும், மொத்தமாகப் போட்டுவிட்ட கெட்டமினைத் திரும்ப எடுக்க முடியாது. அவளுக்கு வேண்டியது சொட்டுச் சொட்டாகக் கொடுத்து, எங்கே போதுமோ அங்கே நிறுத்தக்கூடிய மருந்து. அது புரொப்போஃபால், பால்போல வெள்ளையாக இருக்கும், சில நிமிடத்தில் உடம்பு அதைக் கலைத்துவிடும். அதற்கும் ஒரு குணம் உண்டு: வேகமாகத் தள்ளினால் மூச்சை நிறுத்தும், ரத்த அழுத்தத்தைக் கீழே தள்ளும். ஆகவே முதலில் லேசாக அமைதிப்படுத்தும் டயஸிபாம் கொஞ்சம், புரொப்போஃபாலின் தேவையைக் குறைக்க. பிறகு முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க். பிறகு கணக்குப் போட்ட அளவில் கால் பங்கு.

கால் பங்கைச் செலுத்தினாள். அரை நிமிடம் காத்தாள். பொம்மி கண் சிமிட்டியது. இன்னொரு கால் பங்கு. தலை சாய்ந்தது. தாடையை இழுத்துப் பார்த்தாள், தளர்ந்துவிட்டது. பாதி மருந்து சிரிஞ்சிலேயே மிச்சம் இருந்தது. குழாயை விட்டு, வாயுவைக் குறைவாகத் திறந்தாள். துடிப்பு நூற்று நான்கு. ஈறு ரோஜா நிறம்.

“ஆரம்பிங்க சார்.”

ரகுராமன் நாற்பது நிமிடத்தில் முடித்தார். ஒரு கிலோவுக்கு மேல் கனத்த அந்தப் பையைத் தட்டில் வைத்தபோது அவர் கை சுத்தமாக வேலை செய்திருந்தது. அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு, அறிக்கைத் தாளைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் தன் அறைக்குப் போனார். வாயுவை நிறுத்திய பதினெட்டாவது நிமிடம் பொம்மி குழாயை மென்றது. குழாயை எடுத்ததும் அம்சத்தின் குரலுக்குக் காதைத் திருப்பியது.

எழில்மொழி பேனாவை எடுத்து ஒரு தாளில் எழுதி முடித்துவிட்டு வாசலுக்குப் போனாள். கண்ணுசாமி இன்னும் அங்கேயே நின்றிருந்தார். அவர் முன்னால் நின்று, பாட்டிலைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னாள். மதகைச் சொன்னபோது அவர் தலையசைத்தார். சொல்லி முடித்ததும் அவர் முகம் கோணியது.

“அப்ப, குளிப்பாட்டி நாந்தான் கொன்னேனா?”

“இல்லண்ணே. குளிப்பாட்டச் சொன்னவங்களும், கேக்காம ஊசி போட்டவங்களும்தான் கொன்னாங்க.”

“யாரு அவங்க? பேரச் சொல்லுங்க.”

“ரகுராமன் சாரு. அப்பறம் நான்.”

“அத எழுதுவீங்களா?”

“எழுதிட்டேன். கையெழுத்தும் போட்டுட்டேன். அவரு போடாட்டியும் அதுதான் செவலியோட அறிக்கை. ஒரு நகல் ஒங்களுக்கு.”

அவர் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“போனது போச்சு. அடுத்த வாரம் வர்ற நாய்க்கு என்ன பண்ணுவீங்க? அதச் சொல்லுங்க மொதல்ல. நான் தெருவுல போய் சொல்லணும்ல.”

“அந்த மருந்து இனிமே யாருக்கும் குடுக்க மாட்டோம். வீட்ல இருக்கற பாட்டில எல்லாம் திருப்பி வாங்கிக்குவோம். நாய்ங்கள சும்மா தண்ணியில கழுவிக் கொண்டாந்தா போதும். சாப்பாடு கேக்கறதுக்கு முன்னாடி குளிப்பாட்டுனது எதுலன்னு கேப்போம். உண்ணி மருந்து பட்டிருந்தா ரெண்டு வாரம் தள்ளி வரச் சொல்லுவோம். தள்ள முடியாத நாய்னா, சோப்புப் போட்டுக் கழுவி, முறிமருந்து குடுத்து, துடிப்பு ஏறினப்பறம் டயஸிபாம். அது மேல புரொப்போஃபால், கால் பங்கு கால் பங்கா. சைலஸின் கிடையாது.”